அவசரம் இல்லை, முடிந்தபோது பாருங்கள்

ஒத்தப்பனை வீதியில் பனைமரம் கிடையாது. இல்லாத மரத்தின் பெயரில் நாற்பது வருஷம் குடியிருந்து பழகியவர்களுக்கு, இருக்கக்கூடாத ஆட்கள் ஆயிரத்து இருநூற்றாறு பேர் ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றதும் இரண்டு வாரத்தில் பழகிப்போயிற்று. முதல் வாரம் மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டோம். பால்காரர் வண்டியைத் திருப்ப முடியவில்லை என்றார், கோலம் போட இடமில்லை என்று பெண்கள் சொன்னார்கள், என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டருக்கு நேர் முன்னால் நீல லுங்கி கட்டிய ஒரு தடித்த ஆள் நின்றுகொண்டு எவ்வளவு தள்ளியும் அசையவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் யாரைத் தேடி வந்தார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. என் கடைக்கு எதிர்வீடு கார்வண்ணனுடையது. தாராபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாக இருக்கும் கார்வண்ணன், கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாய்விட்டு வாசித்துக் காட்டும் செவிநூல் என்ற சாஃப்ட்வேரை, உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து, பதினான்கு வருஷமாகச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். எடுத்துக்கொண்டவர்கள் பலர், திருத்த வந்தவர்கள் சிலர், குறை சொன்னவர்கள் கணக்கில்லை. ஒன்றைத் திருத்தினால் இரண்டு புதிதாக வரும். நாலாம் பதிப்பு வெளியான வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருத்தாமல் மிச்சம் இருந்த அத்தனை புகார்களுக்கும் ஒரே கட்டளையில் 'அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம், நன்றி' என்று பதில் போட்டுவிட்டு, வீட்டைக் கூட்டி முடித்தவனைப் போல என் கடைக்கு வந்து நின்று, இன்றைக்குத்தான் மனசு லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்ததும் அந்த ஆயிரத்து இருநூற்றாறு பேரும் அவன் வாசற்படியிலிருந்து வரிசையாக, வீதி முனையில் திரும்பி, ஆற்றுக்கு இறங்கும் பாதை வரைக்கும் நின்றார்கள்.

வந்தவர்கள் செத்தவர்கள் இல்லை. நிஜமான ஆள் நாகர்கோவிலிலோ மட்டக்களப்பிலோ சாப்பிட்டுத் தூங்கி நன்றாகத்தான் இருப்பார். புகாரை எழுதி அனுப்பிய அந்த நிமிஷத்தில் அவர் எப்படி இருந்தாரோ அப்படி ஒருவர் இங்கே வந்து நின்றார். பாதி முகம் சவரம் செய்தவர் பாதியோடு நின்றார், கரண்டியோடு எழுதியவர் கரண்டியோடு நின்றார், பலர் கையில் மடக்கிய வெள்ளைக்கோல் இருந்தது. அவர்களுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, மழையில் நனைந்தாலும் சளி பிடிப்பதில்லை. எப்போதாவது வாயைத் திறந்து, தாங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் அப்படியே சொல்லிவிட்டு மூடிக்கொள்வார்கள். மரியாதையாக எழுதியவர் மரியாதையாகச் சொல்வார், கோபத்தில் எழுதியவர் இதெல்லாம் ஒரு சாஃப்ட்வேரா என்று வீதிக்கே கேட்கும்படி கத்துவார். என் ஷட்டருக்கு முன்னால் நின்ற நீல லுங்கிக்காரன் எழுதியது 'வேலை செய்யல' என்ற இரண்டே வார்த்தை. என்ன வேலை செய்யவில்லை, எங்கே செய்யவில்லை என்று கார்வண்ணன் திருப்பிக் கேட்டுப் பதிலே வரவில்லையாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் மூஞ்சிக்கு நேராக அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் வந்த மாதத்தில் என் பெரிய மெஷின் இரண்டு முறை மக்கர் பண்ணியதற்கும் அவன் வாய்தான் காரணம் என்பது என் கருத்து.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஆக்கிரமிப்பு என்று எழுதுவதா ஊர்வலம் என்று எழுதுவதா என்று தெரியாமல், பொதுக்கழிப்பிடம் தேவைப்படாத கூட்டம் என்று எழுதிக்கொண்டு போனார். கவுன்சிலர் வந்து இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார். மினி பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்துக்கு 'நிக்கறவங்க ஸ்டாப்' என்று பெயர் வைத்தார்கள். காய்கறிக்காரம்மா வரிசையில் நின்ற ஒரு வாத்தியாரின் நிழலில் கடை போட்டாள், கார்வண்ணனின் மனைவி பரிமளம் இரண்டு பேருக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டாள், அம்மன் தேர் வந்தபோது தேரைத்தான் ஒதுக்கி ஓட்டினார்கள், நிற்பவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை வரம் வேண்டி வந்த ஒருத்தி, நிறைமாதத்தில் புகார் எழுதியிருந்த ஒரு பெண்ணின் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனாள். எங்களுக்கும் அவர்களிடமிருந்து ஒரு நல்ல பழக்கம் வந்தது. என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லும் முறையான ஆட்கள் அவர்களில் சிலர் இருந்தார்கள். அவர்களைக் கேட்டுக் கேட்டு, தெருவிளக்கு எரியவில்லை என்று எங்கள் வீதிக்காரர்கள் கொடுத்த மனுவும் அதே முறையில் இருந்ததாம். விளக்கு மட்டும் எரியவில்லை.

அடையாளத்துக்கு ஒவ்வொருவர் கழுத்திலும் புகார் எண் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டோம். அச்சடித்தவன் நான். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததில் எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல நான் கதை சொல்ல முடியாது.

ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது. செவிநூலைத் தொடங்கிய காலத்தில், எந்த ஆபீஸிலோ தன் புகாரை வந்து பார்க்காமலே முடித்துவிட்டதாக எழுதிவைத்த ஆத்திரத்தில், கார்வண்ணன் ஒரு விதி எழுதியிருந்தான். புகார் கொடுத்தவர் தன் காதால் கேட்டு, தன் வாயால் 'ஆச்சு' என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடக்கூடாது. அவர் இல்லாமல் போனால் அவர் வீட்டார் சொல்ல வேண்டும். திருத்தி முடித்து, ஃபோன் போட்டு, அந்தப் பக்கம் நிஜமான ஆள் கேட்டுப் பார்த்து ஆச்சு என்றதும், இங்கே நிற்பவர் இருந்த இடம் காலியாகிவிடும். அட்டை மட்டும் கீழே கிடக்கும். நான் எடுத்துவைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் பதிப்புக்கான திட்டத்தை அவர்கள் கம்ப்யூட்டரில் போடவில்லை, வீதியில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்வண்ணன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இறங்குவான். காதில் ஃபோன் இருக்கும், அந்தப் பக்கம் டொராண்டோவிலிருந்து சிவகௌரி. பகலில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் செவிநூலின் உள்விவகாரம் முழுக்கத் தெரிந்தவள். இவன் எண்ணைச் சொல்வான், அவள் எத்தனை நாள் ஆகும் என்பாள். இந்தப் பதிப்பில் போகிறவரின் காலைச் சுற்றி வெள்ளை வட்டம், அடுத்ததற்குத் தள்ளப்பட்டவருக்கு மஞ்சள் வட்டம். மஞ்சள் போடும்போது கார்வண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தமாட்டான். பின்னாலேயே நாங்களும் போவோம், அவரவர் ஆளுக்குச் சிபாரிசு செய்வோம். அந்தம்மா வெயில்லயே நிக்குதுப்பா, அதைய முதல்ல அனுப்புப்பா என்று ஒருவர் சொல்வார். நீல லுங்கிக்காரனுக்கு வெள்ளை வட்டம் வாங்கிவிட நான் எத்தனை டீ வாங்கிக் கொடுத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். நடக்கவில்லை.

முந்நூற்றுப் பதினெட்டாம் எண்ணுக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை. கடைக்கும் கார்வண்ணன் வீட்டுக்கும் நடுவே, கட்டம் போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, லேசாகச் சிரித்த முகத்தோடு நின்ற அந்த மனிதர் சொன்னது இதுதான்: "வணக்கம். எண்களில் புள்ளி வந்தால், புள்ளியையும் அதற்கு முன்னால் இருப்பதையும் விழுங்கிவிட்டு, பின்னால் வரும் எண்ணை மட்டும் செவிநூல் வாசிக்கிறது. அவசரம் இல்லை, முடிந்தபோது பாருங்கள்." அவரே அவசரமில்லை என்று சொல்லிவிட்டாரே என்று அவரைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். ஆறு வருஷத்துப் புகார். மஞ்சள் வட்டத்தின் மேலேயே மறுபடி மஞ்சள் வட்டம்.

நிற்பவர்கள் வந்து ஐந்து மாதம் ஆனபிறகு, உடுமலைப் பேருந்திலிருந்து இறங்கி, வெள்ளைக்கோலால் தரையைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் எங்கள் வீதிக்குள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருக்கிறேன், பெயர் தேவகி என்றாள். அவளும் பார்வை இல்லாதவள். கூட வேலை பார்க்கிறவர் இந்த வழியாகப் போனபோது ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னாராம்.

"இங்க திருமூர்த்தின்னு ஒருத்தர் நிக்கறாருங்களா அண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

பெயர் எனக்குத் தெரியாது, எண்தான் தெரியும். எப்படி இருப்பார் என்று கேட்க வாயெடுத்து, அதை இவளிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிக்கொண்டேன். அதற்குள் முந்நூற்றுப் பதினெட்டு வாயைத் திறந்து வணக்கம் என்று ஆரம்பித்தார். தேவகி கோலைக் கீழே போட்டுவிட்டு அந்தக் குரல் வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள், இடையில் நின்ற நாலு பேர் மேல் முட்டிக்கொண்டாள், சட்டையைத் தொட்டாள், காலரைத் தொட்டாள், காதுக்குப் பின்னால் ஏதோ தழும்பைத் தேடித் தொட்டாள். அவர் சொல்லி முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வருசமாச்சுங்க இவரு போயி. டெங்கு காய்ச்சல்" என்றாள், அதற்குள் வீட்டிலிருந்து இறங்கி வந்திருந்த கார்வண்ணனிடம். "இவரு குரல் எதுலயும் பிடிச்சு வெக்கலீங்க. ஃபோன் தொலைஞ்சு போச்சு. வீட்டுல எல்லாரும் ஃபோட்டோ வெச்சுக்குவாங்க, எனக்கு ஃபோட்டோ எதுக்குங்க?"

பிறகு அவளாகவே சிரித்தாள். "கிரிக்கெட் ஸ்கோர் படிக்கச் சொல்லிக் கேப்பாருங்க. பத்தொம்பது புள்ளி நாலு ஓவர்னு இருக்கும், இது நாலு ஓவர்னு படிக்கும். மேட்ச் ஆரம்பிக்குதா முடியுதான்னே தெரியலடின்னு சிரிப்பாரு. எழுதிப் போடுங்க, திருத்தட்டும்னு நான்தான் சொன்னேன். அப்பக்கூடப் பாருங்க, அவசரமில்லைன்னு எழுதியிருக்காரு. அவரு எதுக்குமே அவசரப்பட்டதில்லீங்க."

அதற்குப் பிறகு தேவகி எங்கள் வீதிக்காரி ஆகிவிட்டாள். வாரம் தவறாமல் வந்தவள், ஆறு மாதத்தில் தாராபுரத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு, வீதி முனையில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். ஆபீஸ் முடிந்ததும் வருவாள், விடுமுறை நாளென்றால் காலையிலேயே வந்துவிடுவாள், என் கடையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். தாசில்தார் திட்டியது, கத்தரிக்காய் சொத்தையாக இருந்தது, எல்லாம். நடுவில் அவர் வணக்கம் என்று தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். பார்க்க எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் அந்த அளவுக்குப் பேசிக்கொள்ளும் வீடு எங்கள் வீதியில் வேறொன்றும் இல்லை என்று பரிமளம் சொன்னாள், கார்வண்ணன் காதில் விழும்படி.

ஐந்தாம் பதிப்பு நெருங்கியபோது பார்வையற்ற ஆசிரியர்கள் சிலர் கூடி எழுதியிருந்தார்கள். மருந்துப் பாட்டில், ரத்தப் பரிசோதனை, பால் பவுடர் டப்பா, எல்லாவற்றிலும் புள்ளி வருகிறது, தயவுசெய்து இதை முதலில் பாருங்கள் என்று. சிவகௌரி மூன்று வாரம் அதிலேயே கிடந்தாள். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் எண்ணின் புள்ளியைச் சரிசெய்தால் தேதி கெடும், தேதியைச் சரிசெய்தால் சுருக்கெழுத்துகள் கெடும், எது வாக்கியம் முடிகிற புள்ளி, எது எண்ணுக்குள் நிற்கிற புள்ளி என்று அந்த மெஷினுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குக் கண் வீங்கிவிட்டதாம். கடைசியில் சரியாகிவிட்டது. கார்வண்ணன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், தேவகி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் புருஷன் காலைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டான். சாக்பீஸ் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கடை மேசையில் லேப்டாப்பை வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்தான். வீட்டாராக ஆச்சு சொல்ல வேண்டியவள் தேவகிதான். ஃபோனில் சிவகௌரி காத்திருந்தாள். வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றோம். கார்வண்ணன் பொத்தானை அழுத்தினான், மெஷின் கணீரென்று, "பூஜ்யம் புள்ளி ஐந்து மில்லி லிட்டர்" என்றது.



"இல்லீங்கண்ணா" என்றாள் தேவகி. "இன்னும் அஞ்சுன்னுதான் படிக்குது."

கார்வண்ணன் மறுபடி அழுத்தினான். மறுபடி அதே பூஜ்யம், அதே புள்ளி. அவள் மறுபடி, "அஞ்சுன்னுதான் கேக்குது" என்றாள், இந்த முறை இன்னும் சின்னக் குரலில். அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். காய்கறிக்காரம்மா, "ஆமா கண்ணு, எனக்கும் அஞ்சுன்னுதான் கேட்டுது" என்றாள். அவள் நல்ல மனசுக்காரி. நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அண்ணை, அது வடிவாத்தான் வாசிக்குது" என்றாள் சிவகௌரி ஃபோனில். "நான் நூறு தரம் கேட்டுப் பாத்தனான். நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனுங்க."

"பிறகென்ன? மூடிட்டு வெளியில விடுங்கோ."

"ரூல் இருக்குதுங்களே. வீட்டுக்காரங்க ஆச்சுன்னு சொல்லோணும்."

"ரூலை எழுதினது நீங்கள்தானே அண்ணை!" அவள் குரல் உயர்ந்தது. "நான் இஞ்ச வயசுபோன ஆக்களுக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறனான். ஒரு புள்ளி எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். இது இரக்கமில்லை அண்ணை. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க உங்களுக்குப் பயம்."

கார்வண்ணன் ஃபோனை வைத்துவிட்டான். புகாரில் 'இன்னும் சரியாகவில்லை என்று வீட்டார் தெரிவிக்கிறார்கள்' என்று எழுதினான். வெள்ளை வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு மஞ்சள் போட்டான். ஐந்தாம் பதிப்பு அந்தத் திருத்தம் இல்லாமல் வெளியானது. நூற்றெண்பது பேர் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனார்கள், வீதி கொஞ்சம் மூச்சு விட்டது, பரிமளம் கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். தேவகிக்கும் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து ஐந்து புள்ளி ஒன்று என்ற சின்னப் பதிப்பு வந்தபோதும் இதேதான் நடந்தது. இந்த முறை லேப்டாப்பை வெளியே எடுத்துவரக்கூட இல்லை. "இன்னும் சரியாகலீங்களா?" என்று கார்வண்ணன் போகிற போக்கில் கேட்டான், "இல்லீங்க" என்று அவள் சொன்னாள், நாங்கள் எல்லோரும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதுபோல இருந்தோம். உண்மையில் அப்படித்தான் நினைத்தோம். ஒரு பெண்ணுக்குப் புருஷனின் குரலை விட்டுவைத்திருக்கிறோம், ஒரு புள்ளியில் என்ன வந்துவிடப்போகிறது என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, உள்ளூர் விடுமுறை, பகல் பதினொரு மணி. தேவகி ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். திருமூர்த்திக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். புதிதாகப் புகார் வந்தால் புதிதாக ஆள் வருவது வழக்கம்தான், நான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அட்டை எடுக்கத் திரும்பினேன். சின்ன வயது. கறுப்புக் கண்ணாடிகூடப் போடவில்லை, தலை முடியவில்லை, நைட்டியின் தோளில் பால் கக்கிய கறை. ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் குழந்தைக்கு மருந்து ஊற்றும் சின்னப் பிளாஸ்டிக் மூடி. அவள் வாயைத் திறந்தாள்.

"மருந்துச் சீட்டுல பூஜ்யம் புள்ளி அஞ்சு இருந்திருக்கு. செவிநூல் அஞ்சு மில்லின்னு படிச்சுது. நான் அஞ்சு மில்லி ஊத்திட்டேன். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு. பிள்ளை கண்ணு முழிக்கல."

தேவகியின் கை பூண்டோடு நின்றது.

"ரத்தினண்ணா" என்று கூப்பிட்டாள் என்னை. "அது யாருங்க?"

ஓடிப்போய்க் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஆரோக்கியமேரி, மணப்பாறை, முன்பே உள்ள புகார் 318-ஐப் போன்றது என்று மெஷினே அடியில் குறித்திருந்தது. அதைத் தேவகியிடம் படித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் இரண்டாவது தடவை சொன்னாள். வீதியில் மற்றவர்கள் எப்போதாவது ஒரு தடவைதான் சொல்வார்கள், இவள் மூச்சு வாங்கிவிட்டு உடனே சொன்னாள், மூச்சு வாங்கிவிட்டு உடனே சொன்னாள். காய்கறிக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"கார்வண்ணன் அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள் தேவகி.

விடுமுறை நாளிலும் லேப் வேலையென்று போயிருந்த அவன் பாலிடெக்னிக்கிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் தேவகி எழுந்து நின்று, புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்கு அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் நடுவில் ஒரு முறை, அவசரம் இல்லை, முடிந்தபோது பாருங்கள் என்று சொன்னார். பின்னாலிருந்து அந்தப் பெண், பிள்ளை கண்ணு முழிக்கல என்றாள்.

கார்வண்ணன் புதுப் பெண்ணின் முன்னால் போய் நின்று, ஒரு தடவை முழுசாகக் கேட்டான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான். இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தினான். சிவகௌரி ஆறு மாதத்துக்கு முன் எழுதிவைத்தது அப்படியே இருந்தது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"பூஜ்யம் புள்ளி ஐந்து மில்லி லிட்டர்" என்றது மெஷின்.

திருமூர்த்தி அந்த நேரத்தில்தான் மறுபடி வாயைத் திறந்தார். வணக்கம் என்றார். எண்களில் புள்ளி வந்தால் என்று தொடங்கினார். தேவகி, அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் காத்திருப்பேன். பின்னால் அந்தப் பெண் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஆச்சு" என்றாள் தேவகி.

குரல் பாதியில் நின்றது. சட்டைக் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அதே மாதிரி மடங்கியபடி காற்றில் இருந்தன. அட்டை விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"இவரு உசுரு போறப்ப என்னைய உள்ள விடலீங்க" என்றாள் தேவகி, யாரிடமென்று இல்லாமல். "கண்ணு தெரியாதவ உள்ள வந்து என்ன பண்ணப்போறான்னு வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. இன்னைக்குக் கூடவே இருந்தேன்."

மத்தியானம் இரண்டு மணிக்குள் ஐந்து புள்ளி இரண்டு வெளியானது. அதில் ஒரே ஒரு திருத்தம்தான். மூன்றாம் நாள் மணப்பாறையிலிருந்து தகவல் வந்தது, குழந்தை இறந்துவிட்டது என்று. எட்டு மாதக் குழந்தை. கார்வண்ணன் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, சிவகௌரி ஃபோன் செய்து அழுதுவிட்டு வைத்தாள், நாங்கள் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருந்தோம். என் மேசையில் லேப்டாப்பை வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூஜ்யத்தையும் கேட்டு, புள்ளியையும் கேட்டு, தலையை ஆட்டியவன் நான். இதை எங்கே போய்ச் சொல்வது, யார் மூடுவார்கள் இந்தப் புகாரை என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் கழித்து இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புகார் சரியாகிவிட்டது, ஆனால் ஆரோக்கியமேரி போகவில்லை. போகமாட்டாள். அவள் வாயால் ஆச்சு என்று சொல்லியாக வேண்டுமே. ஒரு மாதம் கழித்து, விதி விதிதான் என்று பழகிப்போன கார்வண்ணன், அவள் எண்ணை ஃபோனில் எடுத்து வைத்துக்கொண்டு, என் கடை வாசலில் நின்று, அழுத்தலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தேவகி ஸ்டூலில்தான் இருந்தாள். ஸ்டூலை ஒரு அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, இப்போதெல்லாம் அந்தப் பெண்ணின் பக்கத்தில்தான் உட்காருகிறாள். அவள் சொல்லச் சொல்ல, நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

"என்னங்கண்ணா, ஃபோன் போடறீங்களா?" என்றாள் தேவகி.

"கேக்கோணுமுங்களே" என்றான் அவன். "சரியாயிருச்சான்னு."

"கேக்காதீங்க" என்றாள் தேவகி. "எது ஆச்சுன்னு சொல்லும் அந்தப் புள்ள? அது இங்கயே நிக்கட்டும். நான் இருக்கேன்."

அவன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்னால் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள்.